அடுத்த தெரு முன்னேற்றப் பிரியர்

முன்னேற்றப் பிரியர் என்று ஓர் இனம் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் லுப்ளினில் கொஞ்சம் அதிகம். யுத்தம் முடிந்து, போலந்து நமக்கென்று தனி நாடாகி, குடிநீர்க் குழாய் பதிக்கத் தெருத்தெருவாகத் தோண்டத் தொடங்கியதும் காளான் போல முளைத்துவிட்டார்கள்.

கையுறைக் கடைக்காரர் தியோஃபில் மாதெயைப் பாருங்கள். காலையில் கடையைத் திறந்து விற்பனைப் பெண்ணிடம் விட்டுவிட்டு, எந்தத் தெருவில் குழி வெட்டுகிறார்களோ அங்கே போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஈர மண்ணை ரோஜாவை முகர்வதுபோல் முகர்ந்து, ஆழம் போதாதென்று மேஸ்திரிக்குச் சொல்லி, வாசலெல்லாம் சேறு என்று முணுமுணுக்கும் பெண்களிடம் தலைநகர் வார்சாவில் யாரும் இப்படி முணுமுணுப்பதில்லை என்று கடிந்துவிட்டு, மதியச் சூப்புக்குத்தான் வீடு திரும்புவார். வார்சாவுக்கு அவர் போனதில்லை. அது வேறு விஷயம்.

அந்தச் சூப்புக்குத் தண்ணீர்? முற்றத்து அடிபம்பில் அடித்து மூன்று மாடி தூக்கி வருகிறவள் அவர் மனைவி சலோமியா. குழாய் வந்ததும் சமையலறையில் பீங்கான் தொட்டி வைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவள் அதற்கு இடம்கூட ஒழித்துவைத்திருந்தாள்.

இலையுதிர்காலத்தில் குழி அவர் தெருமுனைக்கு வந்தது. கடை வாசலில் குளிர்காலம்வரை பள்ளம் கிடக்குமென்றார் மேஸ்திரி. கையுறை விற்கிற பருவமே அதுதான். பலகைமேல் தள்ளாடி நடந்து யார் வாங்க வருவார்கள்? அன்று மாலையே குடித்தனக்காரர்களை முற்றத்தில் கூட்டினார். இங்கே மண் இளக்கம், தோண்டினால் கட்டடம் சாயும், குழாய்த் தண்ணீரில் துரு இறங்கும், குழந்தைகளுக்குப் பல் விழும் என்றார். இத்தனை குழி பார்த்தவர் பேச்சை யார் சந்தேகிப்பார்கள்?

"அப்போ நமக்குக் குழாய் வேண்டாமா, மாதெய் ஐயா?" என்று கேட்டார் கீழ்வீட்டுத் தையற்காரர்.

"வேணும். ஆனா அவசரம் எதுக்கு? மத்த தெருவெல்லாம் முதல்ல ஆகட்டும்."

தெருவே நகராட்சிக்குத் திரண்டு போய், இப்போது வேண்டாமென்று கேட்டபின் யார் தோண்டுவார்கள்? குழாய் திரும்பி, சலோமியாவின் தங்கை குடியிருந்த தெருவுக்குப் போனது.

அந்தக் குளிர்காலத்தில் பம்பைச் சுற்றிப் பனி இறுகிக் கிடந்தது. சலோமியா நிறைந்த வாளியோடு சறுக்கி விழுந்தாள். எழுந்து, பாவாடையைப் பிழிந்து, காலி வாளியைக் கொண்டுபோய்க் கடை மேசையில் மான்தோல் கையுறைகளுக்கு நடுவே வைத்தாள். வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அங்க தண்ணி வருது. கட்டடம் சாயாம நீங்க பாத்துக்குங்க."

ஞாயிறுதோறும் அவர் மனைவியைப் பார்க்கப் போனார். திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மைத்துனி வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, குழாயை எந்தப் பக்கம், எவ்வளவு மெதுவாகத் திருப்ப வேண்டுமென்று சலோமியாவுக்கு விளக்கினார். அவள் முழுக்கத் திறந்தாள். அவருடைய நல்ல கோட்டு நனைந்தது. அன்றும் தனியாகத்தான் திரும்பினார். மூன்று மாடிக்கும் தானே வாளி தூக்கினார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? நம் தெருவுக்கு பஸ் வரவேண்டுமென்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தானே. பஸ் நிற்கிற இடம் மட்டும் பக்கத்து வீட்டு வாசலாக இருக்கட்டும் என்று காதோடு காதாகச் சொன்னது யார்?