முன் சக்கரத்தடியில் எண்ணெய்

புது சீல் போட்ட மறுநாள் காலையிலும் எண்ணெய் இருந்தது.

கேரவனின் இடது முன் சக்கரத்தை ஒட்டி, ஜாக்கிக் காலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு. வசந்தாமணி குந்தி உட்கார்ந்து பார்த்தாள். எதிர்வீட்டு ஆராயியின் ஆடு பக்கத்தில் நின்று எதையோ மென்றபடி அவளைப் பார்த்தது.

"என்ன ஆயிலுங்க டீச்சர் இது, இத்தனை கெட்டியா?" சின்னண்ணன் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கும் மெக்கானிக் அவர். "பழைய ஓனரு கண்டதை ஊத்தி வெச்சிருக்கானுங்க. இதோ, கருப்பாத் துகள் பாருங்க. சீலு தேயுது."

"நேத்துத்தானே ஒழுகாம இருக்கப் புது சீல் போட்டீங்க?"

"அதுந்தானுங்க தேயுது."

"டேங்க்ல ஆயில் குறையவே இல்லீங்களே. ஸ்கேல் வெச்சுப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கலை."

"ஸ்கேலைப் பாக்காதீங்க டீச்சர், தரையைப் பாருங்க."

இருபத்திரண்டு வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். அளவுகோலை நம்பு என்று பிள்ளைகளிடம் சொன்னவள். ஆனால் எதிர்த்துப் பேச மட்டும் எங்கேயும் படித்ததில்லை. "சரிங்க" என்றாள்.

சினிமாப் படப்பிடிப்புக்கு ஓடிய பழைய கேரவன் அது. உள்ளே படுக்கை, அடுப்பு, குளியலறை. நிறுத்திய இடத்தில் ஆடாமல் நிற்க நான்கு ஹைட்ராலிக் ஜாக்கிகள். பள்ளி வேலையை விட்டுவிட்டு அதை வாங்கியிருந்தாள். சனிக்கிழமையோடு வீட்டுக்குள் நடத்தும் மாலை டியூஷனும் முடிகிறது. ஞாயிறு விடிகாலை தனுஷ்கோடிக்குக் கிளம்ப வேண்டும். அப்புறம் எங்கே என்று அவளுக்கே தெரியாது. கேட்கவும் ஆளில்லை. கேரவனுக்கென்று இரண்டு டம்ளர் எடுத்து வைத்தவள், ஒன்றைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமையே ஆராயியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பால் ஊற்றுகிறவளிடம் சொல்லாமல் முடியாதே.

"ஞாயித்துக்கிழமையிலிருந்து பால் வேண்டாங்க. ஊருக்குப் போறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலைங்க."

ஆராயி பால் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆறு வருஷத்தில் அவர்கள் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

சீல் தேயுது என்று சொன்ன அந்தப் புதன்கிழமையே சின்னண்ணன் ஹோஸை மாற்றினார். ரிக்குக்குப் போடும் ஹோஸ், தொடை தடிமன். "இது ஆயிரம் அடிக்குத் தாங்குமுங்க."

"எனக்கு அடியே வேண்டாங்களே."

வியாழக்கிழமை காலை எண்ணெய் இருந்தது.

அன்று பம்பை மாற்றினார். அதுவும் ரிக் பம்புதான். பொத்தானை அழுத்தியதும் இடது முன்பக்கம் இரண்டு அடி எழும்பி அப்படியே நின்றது. உள்ளேயிருந்த பருப்பு டப்பா கடைசிவரை உருண்டுபோய்க் குளியலறைக் கதவில் முட்டியது. இறக்கும் பொத்தானை அழுத்தினால் இன்னும் ஓர் அங்குலம் ஏறியது.

வழியில் போன ஒருவர் பைக்கை நிறுத்தினார். "ஏனுங்க, ஓமலூர்ப் பக்கம் வருவீங்களா? நம்ம காட்டுல ஒரு போர் போடோணும்."

"இது ரிக் இல்லீங்க" என்றாள் வசந்தாமணி.

"அப்புறம் எதுக்குங்க கால் ஊணி நிக்குது?"

திங்கட்கிழமைக்கு அப்புறம் டியூஷன் பிள்ளைகள் தவிர அவளிடம் வந்து பேசியவர்கள் சின்னண்ணனும் அந்த மனிதரும்தான்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் எண்ணெய் இருந்தது. சின்னண்ணன் பம்பைக் கழற்றிச் சாக்கில் பரப்பினார். வண்டி சாய்ந்தபடியே நின்றது.

ஞாயிறு மாலை. டியூஷன் இல்லாததால் வசந்தாமணி கேரவன் படியில் சாய்வாக உட்கார்ந்து, வண்டி விற்ற தரகர் மோகன்குமாருக்கு போன் செய்தாள். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார்.

"வண்டியை எடுத்துக்கோங்க. நான் எங்கேயும் போகலை."

"நாளைக்குக் காலையில ஆள் அனுப்பறனுங்க. வண்டி ஓடற நெலமையில இருக்குதுங்களா?"

அவள் சாக்கைப் பார்த்தாள். வண்டிக்கடியில் சின்னண்ணனின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்தாள். போகவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அழலாமா என்று யோசித்தாள். சாய்ந்து உட்கார்ந்து அழுவது சிரமமாகத் தோன்றியது.

அப்போது ஆராயி தெருவைத் தாண்டி வந்தாள். ஒரு கையில் பாதி எலுமிச்சம்பழம், சாறு பிழிந்து கிண்ணமாகத் திருப்பியது. மறு கையில் ஒரு சின்ன பாட்டில். பின்னாலேயே ஆடு.

வசந்தாமணியைப் பார்த்ததும் திகைத்து நின்றாள். "இன்னைக்கு டியூசன் இல்லீங்களா அம்மணி?"

"நேத்தே முடிஞ்சுதுங்க."

ஆராயி ஆட்டை முழங்காலால் ஒதுக்கித் தள்ளினாள். பிறகு குனிந்து, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் எலுமிச்சை மூடியை வைத்து, திரியைப் போட்டு, பாட்டிலைச் சாய்த்தாள். எண்ணெய் கெட்டியாக, மெதுவாக இறங்கியது. வண்டிக்கடியிலிருந்து சின்னண்ணனின் தலை வெளியே வந்தது.

"இது எதுக்குங்க?" வசந்தாமணி படியிலிருந்து இறங்கினாள்.

"ஒண்டியாத் தூரம் போறயே, நல்லபடியா ஊடு திரும்பி வரோணும்னு, நீ பால் வேண்டாம்னு சொன்ன அன்னையிலிருந்து அந்திக்கு ஒரு வெளக்கு வெக்கறேன் சாமி, இந்த ஆட்டுச் சனியன் தெனமும் மூடியத் தின்னுபோட்டு வெளக்கெண்ணெயைத் தரையில கொட்டிருதே, நீ பாக்கவே இல்லியா?"