பன்னிரண்டாம் பாகமும் ஐந்தாவது பணியாரமும்

நாற்பத்தெட்டு வயதுக்குப் பிறகு ஓர் ஆணுக்கு வருகிற புது ஆசைகளை வீட்டிலுள்ளவர்கள் சீனி வருத்தம் என்கிற நீரிழிவைப் போலக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் கட்டுப்படுத்தலாம். என் வீட்டில் பிந்திவிட்டார்கள். அதனால்தான் மூன்று வருடங்களுக்கு முன்பு என் ஒரே மகளின் கலியாணத்தை நான் ஏறத்தாழக் குழப்பினேன். சண்டை பிடித்தல்ல, சீதனம் பேசியுமல்ல. அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு.

அப்போது நான் கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். (இப்போதும் அதேதான், கதிரை மட்டும் மாறியிருக்கிறது.) அலுவலக நேரத்தில் கடிதம் எழுதுவேன், மிச்ச நேரத்தில் வசன கவிதை எழுதுவேன். இரண்டுக்கும் யாரும் பதில் போடுவதில்லை. எதைத் தொட்டாலும் அதை ஏற்கெனவே ஒருமுறை செய்து முடித்துவிட்ட களைப்பு. ஆனாலும் கை சும்மா இருக்காது. மழை வரப்போவதை மணந்த மாடு மாதிரி உள்ளே ஏதோ ஒன்று கட்டையைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருக்கும் என் தம்பி கார்கோவில் ஒரு பெட்டி அனுப்பினான். சவர்க்காரம், சொக்லேற், அவனுடைய பிள்ளைகள் கைவிட்ட விளையாட்டுக் கணினி. ஒரு பக்கம் செத்துப்போன ஹெட்போன், நல்ல மைக் ஒன்று. கணினிக்குள் ஒரு விளையாட்டும் இருந்தது. புயலில் கப்பல் உடைந்து ஒரு மனிதன் ஆளில்லாத் தீவில் ஒதுங்குகிறான். அவன் மரம் தறித்து, கிடங்கு வெட்டி, வீடு கட்டிப் பிழைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சுடுகிற விளையாட்டு என்றால் அன்றைக்கே மூடியிருப்பேன். வீடு கட்டுவது என்றதும் விட முடியவில்லை. தீவில் அந்த மனிதனுக்கு முதன்முதலில் கிடைப்பது ஒரு தறப்பாள். அதை எந்தப் பக்கம் இழுத்துக் கட்டினால் மழை அடிக்காது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஐந்து இடத்தில் ஐந்து வீடு போட்டவன் நான். ஆறாவதைக் கணினிக்குள் போட்டேன்.

விளையாடுவதைப் பதிவு செய்து, கூடவே கதைத்து, சனல் தொடங்கிப் போடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். அதில் ஒருவரும் வசன கவிதை சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன். அந்த வெற்றிடம் என்னைக் கூப்பிட்டது. (எவரும் இல்லாத இடத்தில் ஏன் எவரும் இல்லை என்று யோசிக்கிற பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.)

முதல் பதிவில் நாற்பது நிமிடம் கதைத்தேன். படம் இருந்தது, குரல் இல்லை. இரண்டாவதில் குரல் இருந்தது, படம் இல்லை. மூன்றாவதில் இரண்டும் இருந்தன, ஆனால் நான் வெறுங்கிணற்றுக்குள் இருந்து கதைப்பதுபோல எதிரொலித்தது. துணிகள் எதிரொலியைக் குடிக்கும் என்று ஒரு வீடியோவில் ஒரு பெடியன் சொன்னான். அறையிலிருந்த அலுமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் கிடந்த என் விற்காத புத்தகங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். மைக்கை என் மனைவி புவனாவின் சேலைகளுக்கு நடுவே தொங்கவிட்டேன். கணினியைப் பக்கத்தில் வைத்து, தலையை உள்ளே விட்டுக் கதிரையில் குந்தினேன். குரல் பட்டு மாதிரி வந்தது. அந்த அலுமாரியின் முதுகு புவனா சமைக்கிற குசினிப் பக்கம் இருந்தது என்பதையும், இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவர் முகடு வரை போகாத அரைச்சுவர் என்பதையும் அந்த மகிழ்ச்சியில் நான் யோசிக்கவில்லை.

புவனா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். குசினிக்கு ஓடு மாற்றித் தரச் சொல்லி இரண்டு மாரி போய்விட்டது, அங்கே போய் வீடு கட்டுகிறீர்களோ என்று கேட்டாள். நான் மைக்கைக் கைகாட்டினேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

பதினொரு பாகங்கள் போட்டேன். ஒவ்வொன்றையும் ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள். அதில் மூன்று பேர் நான்தான்.

இதே நாட்களில் மகள் ஆரணிக்கு பளையிலிருந்து ஒரு சாதகக் குறிப்பு பொருந்தி வந்தது. பெடியனுக்கு வவுனியாவில் வேலை. முன்பு வந்த நான்கு குறிப்புகளுக்கும் காரணம் சொல்லி மறுத்தவள், இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதுதான் சம்மதம். இரண்டு பேரும் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினார்கள். படிப்பிக்கிற பாடசாலையால் வந்ததும் அவள் சைக்கிளை நிறுத்துகிற சத்தமே வேறு மாதிரி இருந்தது. அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் செய்த வேலைதான் மிச்சக் கதை.

மாப்பிள்ளை வீடு பார்க்க பளைக்குப் போனோம். நானும் புவனாவும், மைத்துனரும் அவர் மனைவியும், தரகருமாக ஐந்து பேர். மாப்பிள்ளையின் தாய் எங்களை வாசலில் கண்டதும் தொடங்கிய கதையை நாங்கள் திரும்பி வாசலுக்கு வரும்வரை விடவில்லை. தகப்பன் ஒரு மூலையில் சிரித்தபடி இருந்தார், வாய் திறக்கவில்லை. கேட்க ஆளிருக்கிறது என்ற உற்சாகத்தில் நான் அவருக்கு என் சனலைப் பற்றி அரை மணித்தியாலம் சொல்லி, அவருடைய தொலைபேசியை வாங்கி, நானே அதில் சேர்த்தும் விட்டேன். அந்தக் குற்றத்துக்குச் சாட்சி, கூட வந்த நான்கு பேர்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் பன்னிரண்டாம் பாகத்தைப் பதிவு செய்தேன். தீவில் மழை பெய்தது. கட்டின வீட்டுக்கு முன்னால் அந்த மனிதனை நிறுத்திவிட்டு, "மழையே, நீ விழுகிற இடமெல்லாம் யாரோ விட்டுப்போன முற்றம்" என்று தொடங்கினேன். ஒவ்வொரு வரிக்கும் பிறகு நீண்ட மௌனம் விட்டேன். ஒரு மௌனம் நான்கு நிமிடம். (வாசகன் உள்ளே வர இடம் வேண்டும் என்று அந்தக் காலத்தில் நம்பினேன்.)

எடிற்றிங்கில் அப்போதுதான் ஒரு புதுப் பொத்தானைக் கண்டுபிடித்திருந்தேன். சத்தம் கூடின இடத்தை அமத்தி, குறைந்த இடத்தைத் தேடிப் பிடித்துத் தூக்கிவிடுமாம். அமத்தினேன். செத்த ஹெட்போனின் உயிருள்ள பக்கத்தால் முதல் இரண்டு நிமிடம் கேட்டேன். நன்றாக இருந்தது. கரண்ட் போவதற்கு முன் ஏற்றிவிடலாம் என்று மிச்சத்தைக் கேளாமல் ஏற்றினேன்.

முதல் நாள் ஒன்பது பேர். அடுத்த நாள் எண்பது. மூன்றாம் நாள் முந்நூற்றைத் தாண்டியது. கதிரையில் இருக்க முடியவில்லை. சுவிஸ், லண்டன், கனடா என்று எல்லா இடத்திலுமிருந்து பார்த்தார்கள். கீழே எழுதவும் தொடங்கினார்கள். "பதினாலாவது நிமிசத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டம்." பதினாலாவது நிமிடத்தில்தான் அந்த முற்றம் வரி இரண்டாம் முறை வருகிறது. நான் பணிவாகப் பதில் போட்டேன்: "பட்ட வலியிலிருந்து வந்த வார்த்தைகள் அவை. நன்றி." அதற்கு ஒருவர், "ஓம், வலி விளங்குது" என்று எழுதினார்.

புதன்கிழமை அலுவலகத்துக்கு றோல்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். எனக்குப் பக்கத்து மேசை நசீர் மட்டும் றோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முல்லைத்தீவுக்காரர், ஒருவரின் மனதையும் நோகடிக்காத மனிதன்.

"அண்ணை, நீங்கள் அதை முழுக்கக் கேட்டனீங்களோ?"

"நான் கதைச்சதை நானே ஏன் கேக்க வேணும்?"

"நீங்கள் கதைச்சது இல்லை அண்ணை. நீங்கள் கதைக்காத இடங்கள்."

தன் தொலைபேசியை என் காதில் வைத்தார். மழை. என் வரி. பிறகு என் மௌனம். அந்த மௌனத்துக்குள்ளிருந்து, வானொலிச் செய்தி வாசிப்பதைப் போலத் தெளிவாக, புவனா. தேங்காய் துருவிக்கொண்டு, தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, சுவிஸிலிருக்கும் தமக்கையோடு கதைக்கிறாள்.

"பெடியன் நல்ல பெடியனக்கா, அதிலை ஒரு கதையுமில்லை. தாய்தான். அவா வாய் திறந்தாவெண்டால் ஏ-நைன் றோட்டிலை லொறி போற மாதிரி, குறுக்கால கடக்கேலாது. தேப்பன் பாவம், அந்த மனிசன் கதைக்கிறதை விட்டு முப்பது வருசமிருக்கும். போனது ஐஞ்சு பேர். தட்டிலை நாலு பயித்தம் பணியாரம். நாலு, அக்கா. நான் எண்ணிப் பாத்தனான்."

என் அடுத்த வரி வந்தது. பிறகு அடுத்த மௌனம்.

"எங்கட பிள்ளையும் லேசுப்பட்ட ஆளில்லை. கோவம் வந்தால் ரெண்டு நாளைக்குக் கதவு திறவாள். சோறு வடிக்கத் தெரியாது. அவையள் பாவமெண்டும் இருக்கு... இவரோ? இவர் அலுமாரிக்குள்ள தலையை விட்டுத் தனியக் கதைச்சுக்கொண்டிருக்கிறார். இல்லையக்கா, வருத்தமொண்டுமில்லை. வீடு கட்டுறாராம்."

நான் இறங்கி நின்று சிந்தித்த மௌனம் ஒவ்வொன்றிலும் அந்தப் பொத்தான் என் மனைவியைத் தூக்கி முன்னால் இருத்தியிருந்தது. இருபத்தேழு நிமிடத்தில் என் பங்கு ஆறு நிமிடம்.

வீட்டுக்கு வந்து முதலில் வீடியோவை அழித்தேன். அதற்கிடையில் அது மாப்பிள்ளையின் சொந்தக்காரர் இருக்கிற எல்லா நாட்டிலும் தொலைபேசிகளுக்குள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பிறகு புவனாவிடம் சொன்னேன். துருவிக்கொண்டிருந்த தேங்காயை முடித்தாள். இன்னொன்றை உடைத்தாள். அதையும் துருவினாள். மூன்றாவதையும் துருவி முடித்த பிறகு கேட்டாள்: "நான் சொன்னதிலை பொய் ஏதும் இருக்கோ?"

இல்லை என்றேன். அதுதான் பிரச்சினை என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

ஆரணிக்கு விஷயம் எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. மூன்று நாட்களாக அவன் அவளுடைய அழைப்பை எடுக்கவில்லையாம். அறைக்கதவைப் பூட்டினாள். இரண்டு நாள் திறக்கவில்லை. தாய் சொன்னது உண்மைதான் என்பதைப் பார்க்க அந்த முந்நூறு பேரும் அங்கே இல்லை என்பதுதான் குறை. நான் கதவுக்கு வெளியே நின்று, இத்தனை பேர் என் வீட்டைப் பார்த்தார்கள் என்ற சந்தோஷத்தில் கவனிக்காமல் விட்டேன் என்று ஏதோ சொன்னேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்பா, உங்கட வீட்டை ஒருத்தரும் பாக்கேல்லை. அம்மான்ர கதையைத்தான் கேட்டவை."

கவிதைக்கு வந்த விமர்சனங்களில் இதுபோல ஒன்று இன்றுவரை வந்ததில்லை. ஆனால் அன்றைக்கு அதைவிடப் பாரமாக இருந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சின சத்தம். மைக் ஒன்றும் இல்லாமலே கேட்டது.

வீடியோ போட்டுப் பத்தாம் நாள் ஒரு முச்சக்கரவண்டி வந்து வாசலில் நின்றது. மாப்பிள்ளையின் தாய் இறங்கினா. பின்னால் தகப்பன், கையில் மூடி போட்ட ஒரு வாளி. குறிப்பைத் திருப்பித் தர வந்திருக்கினம் என்று புவனா மெதுவாகச் சொன்னாள். நான் கதிரை இழுத்துப் போட்டேன்.

அவா வழக்கம்போலத் தொடங்கவில்லை. இருந்து, முகத்தைத் துடைத்து, தண்ணீர் வாங்கிக் குடித்தா. பிறகு சொன்னா.

"உங்கட பிள்ளையைப் பற்றி ஊர் முழுக்க விசாரிச்சனாங்கள். ஒருத்தர் தங்கமெண்டார், ஒருத்தர் வேண்டாமெண்டார். என்னத்தை நம்புறது? இதைக் கேட்டாப் பிறகுதான் எங்களுக்கு ஒரு நிம்மதி. தாய் தன்ர வாயாலை பெத்த பிள்ளையின்ர பிழையைச் சொல்லுறா எண்டால், மறைக்க வேற ஒண்டுமில்லை எண்டுதானே."

புவனா நிலத்தைப் பார்த்தபடி, உங்களையும் சொல்லிப்போட்டன் தானே என்றாள்.

"அதுக்குத்தான் வந்தனான். நான் கூடக் கதைக்கிறனான், ஓம். இதைக் கேட்டவுடனை பெடியன்ர போனையும் பத்து நாளாய் வாங்கி வைச்சிருந்தனான், முடிவு சொல்லாமல் கதைக்கக் கூடாதெண்டு. ஆனால் பணியாரம் ஐஞ்சு வைச்சனான். அண்டைக்குக் குசினியாலை கொண்டுவாற வழியிலை ஒண்டை இவர் சாப்பிட்டிட்டார்."

எல்லாரும் தகப்பனைப் பார்த்தோம். அவர் வாளியை நிலத்தில் வைத்து மூடியைத் திறந்தார். விளிம்பு வரை பயித்தம் பணியாரம். பிறகு, முப்பது வருடத்துக்கான தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கதைத்தார்.

"பன்னிரண்டு பாகமும் பாத்தனான், தம்பி. முகட்டு வளை வைக்காமல் கூரை போட்டிட்டியள். அது அடுத்த மழைக்கு நில்லாது."

மேசன் வேலை செய்த மனிதராம். தாய் வாயைத் திறந்தபடி இருந்தா, ஒன்றும் வரவில்லை. அந்த அமைதியில்தான் ஆரணியின் அறைக்கதவு திறந்தது.

கலியாணம் ஆவணியில் நடந்தது. நான் அந்தக் கணினியைத் துணியால் மூடிவிட்டேன். சனலும் இல்லை, தீவும் இல்லை. ஆனால் என்னை ஒருவரும் நம்பவில்லை. கலியாண மண்டபத்தில் நான் பக்கத்தில் போனாலே பெண்கள் கதையை நிறுத்திவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். வீட்டிலும் அதேதான். நான் குசினிப் பக்கம் போனால், "பொறு அக்கா, றெக்கோடிங் வருது" என்று புவனா தொலைபேசியில் சொல்லுவாள். சுவிஸ் சிரிப்பது எனக்கு முற்றம் வரை கேட்கும். சம்பந்தி அம்மா என்னோடு கதைக்கும்போது மட்டும் சொற்களை எண்ணி எண்ணிப் பாவிக்கிறா. அதை என் வாழ்நாள் சாதனை என்று அவருடைய கணவர் நினைக்கிறார்.

போன மாதம், ஆரணி வவுனியாவிலிருந்து வந்து எங்களோடு நின்ற ஒரு காலை, கொக்கிளாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் வாசல் படலையில் நின்றார். புவனா உள்ளே இருந்தாள், நான் போனேன். பாரை மீனை எடுத்தேன். அவர் அதைப் பறித்துத் திரும்பப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, சின்ன விளைமீனாகப் பார்த்து எடுத்துத் தந்தார். ஏன் என்று கேட்டேன்.

"மகளுக்கு இப்ப இதுதான் நல்லது, ஐயா. மூண்டு மாசமெல்லே."

நான் மீனோடு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"சொல்லிப்போட்டன் என்ன. உங்களிட்டச் சொல்ல வேண்டாமெண்டு அம்மா சொன்னவா."