றெக்கோட்டண்ணையின் பதினொரு தட்டுகள்

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு மெட்டுக்காக உயிரை விடக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவருக்கோ எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. சொந்தப் பெயர் கடிதம் கொண்டு வருபவருக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் றெக்கோட்டண்ணை.

உணவகமொன்றில் கோப்பை கழுவினார். முதலாளி கனடாவின் கியூபெக்காரர். 2009இல் கடையை மூடிக்கொண்டு ஊர் திரும்பும்போது, தங்கள் கிராமத்து வயலின் மெட்டொன்று பதிந்த பழைய இசைத்தட்டை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது பித்து. அதே மெட்டை வேறு வேறு ஆட்கள் வாசித்த தட்டுகளைத் தேடித் தேடிப் பதினொன்று சேர்த்தார். பலசரக்குக் கடையில் கறிவேப்பிலை வாங்க வந்தவர்களையும் மறித்துப் பிடித்துக் கேட்கவைப்பார்.

"கப்பல்காரர் ஸ்கொட்லாந்திலையிருந்து கொண்டுபோனதெண்டு சொல்லுறாங்கள். பொய்! காட்டுக்குள்ளை மரம் தறிக்கப் போனவன் குளிர் தாங்கேலாமல் உண்டாக்கினது. கேளுங்கோ, காலாலை தட்டுறான். குளிராதவன் ஏன் தட்டுறான்?"

எனக்கு வயிறு எரியும். நான் முறையாக வயலின் படித்தவன். ஞாயிறுதோறும் புறநகர் திரான்சியில் வகுப்பு நடத்துகிறேன். என் மாணவர்கள் என்னைப் பார்ப்பதைவிட மணிக்கூட்டைத்தான் அதிகம் பார்ப்பார்கள். அவரைக் கண்டால் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். நான் பெற்ற மகளே அவரைப் பார்த்துவிட்டு, "ஸே ஜெனியால், பப்பா!" என்று பிரெஞ்சில் புகழ்ந்தாள். என் கச்சேரிக்கு அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அவரை மட்டம் தட்டவென்றே அந்த மெட்டை இரகசியமாகப் பாடமாக்கினேன்.

அண்ணை கியூபெக் வயலின்கார அம்மா ஒருவருக்கு இந்த மெட்டைப் பற்றிக் கடிதமாக எழுதித் தள்ளியிருந்தார். பாரிசுக்கு வந்த அந்த அம்மா அவரைத் தேடி அந்தப் பலசரக்குக் கடைக்கே வந்துவிட்டார். கடை நிறையச் சனம். அழைக்காமலே நானும் வயலினோடு போனேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, பிசகில்லாமல் வாசித்தேன். கமகம் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.

"மிக அழகு," என்றார் அம்மா பிரெஞ்சில். "உங்கள் கோயில் பாட்டா?"

பிறகு அதே மெட்டை அம்மா வாசித்தார். அண்ணை கதிரையில் உட்கார்ந்து இரண்டு காலாலும் தாளம் தட்டினார். அம்மா வில்லை நிறுத்திவிட்டார்.

"என் அப்பா இப்படித்தான் தட்டுவார். யார் சொல்லித் தந்தது?"

"ஏழாவது தட்டு," என்றார் அண்ணை.

கைதட்டலில் கடை அதிர்ந்தது. நான் பின்கதவால் நழுவினேன்.

மறுநாள் பின்னேரம் மார்க்ஸ் டோர்மோய் தெருவில் என் வீட்டு மணி அடித்தது. அண்ணை நின்றார்.

"தம்பி, நேற்று நீ வாசிக்கேக்கை என்ரை கால் சும்மா நிக்கேல்லை. உன்னைக் குழப்பக் கூடாதெண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனான். இப்ப வாசி."

"அவ கோயில் பாட்டெண்டெல்லோ சொன்னவ, அண்ணை?"

"அதுக்கென்ன? ஸ்கொட்லாந்திலையிருந்து கியூபெக்குக்குப் போன மெட்டு யாழ்ப்பாணத்துக்கு வரக்கூடாதோ?"

ஸ்கொட்லாந்தை அவர் ஒப்புக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான்.

வாசித்தேன். தட்டினார். கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் மேலே இடித்தாள். மூன்று வருடம், சனிக்கிழமை தவறாமல் இடித்தாள்.

பிறகு அண்ணை தன் மகளோடு இருக்கவென்று கியூபெக்கின் மொன்றியலுக்குப் போய்விட்டார். அங்கே பக்கத்து வீட்டில் யாரோ ஒரு வயலின்காரனாம். அவன் வாசிக்க இவர் தட்டுகிறாராம்.

அந்த ஆளை எனக்குத் தெரியாது. பிடிக்கவும் இல்லை.