மனிதக் கை படாத விளக்கு

படம் ஆரம்பித்த அதே நொடியில் கொட்டகை விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. மணலில் உட்கார்ந்திருந்த காரிமங்கலத்து ஜனம் மொத்தமும் விசிலடித்தது.

"ஏப்பா சூசை, படம் ஓடினா அணையணும், நின்னா எரியணும். அப்படித்தானே சொன்னே?" என்றார் டூரிங் கொட்டகை முதலாளி ஹயாத் பாஷா.

"அதேதாங்க பாய். கொஞ்சம் தலைகீழா வந்திருக்குது."

மரியசூசை ரேடியோ ரிப்பேர்காரன். தபாலில் படித்து முடித்த அன்றே கடைக்கு 'எலக்ட்ரானிக்ஸ் விஞ்ஞானி' என்று போர்டு மாட்டியவன். பெங்களூரிலிருந்து வரவழைத்த எட்டுக்கால் ஐ.சி. சில்லு ஒன்றை வைத்து, திரையில் வெளிச்சம் விழுந்தால் விளக்கை அணைக்கும் கருவி செய்திருந்தான். முதலாளியும் சந்தையன்று வண்டியில் மைக் கட்டி, 'மனிதக் கை படாத விளக்கு' என்று ஊரெல்லாம் முழங்கிவிட்டார்.

"அந்தப் பூச்சி என்னதான் பண்ணுது?"

"ரெண்டு வோல்டேஜ ஒப்பிட்டுப் பாத்து எது பெருசுன்னு சொல்லுங்க."

"அதத்தான் எங்க வூட்ல ரெண்டு மருமகளும் தெனம் பண்றாங்க. சனிக்கெழம தாசில்தார் வராரு. லைசென்சு அவர் கையில. மானம் போச்சுன்னா உன் போர்டக் கழட்டி அடுப்புல வெச்சிருவேன்."

மரியசூசை ஐ.சி.க்குள் போகும் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினான். மறுநாள் படம் ஓடியதும் விளக்கு அணைந்தது. முதலாளி தாடியைத் தடவிக்கொண்டார். அதற்குள் படத்தில் இரவுக் காட்சி வந்துவிட்டது. திரை இருண்டதும் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சம் திரையில் பட்டதும் அணைந்தது. அணைந்ததும் எரிந்தது. கதாநாயகன் திருடனைப் பிடிக்கும்வரை கொட்டகை கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"என்னப்பா இது, தேர்த் திருவிழாவா?"

"ரெஃபரன்ஸ் ஏறிப்போச்சுங்க பாய். எவ்வளவு வெளிச்சம் இருந்தா அணையணும்கிற அளவு."

அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியை இறக்கினான். இரவுக் காட்சியில் விளக்கு அசையவில்லை. இடைவேளையிலும் அசையவில்லை. வாசல் பெட்ரோமாக்ஸ் வெளிச்சமே போதும் என்று கருவி தீர்மானித்துவிட்டது. இருட்டில் முறுக்குத் தட்டு ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரின் தலையில் கவிழ்ந்தது.

திருகாணியைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டு, வேறு வெளிச்சம் நுழையாதபடி கருவியின் கண்ணில் வீட்டு ஊதுகுழலைச் செருகினான். இப்போது கருவிக்குத் திரையின் நடுப்பகுதி மட்டுமே தெரிந்தது. கதாநாயகி கூந்தலை விரித்துத் திரும்பும்போதெல்லாம் கொட்டகை வெளிச்சமானது.

"அந்தப் பொண்ணு மொட்ட போட்டுக்கணும்கிறியா?" என்றார் முதலாளி.

சனிக்கிழமை மரியசூசை பீரோ உயரத்துக்கு ஒரு மரப்பெட்டியோடு வந்தான். கறுப்புத் துணி போர்த்தி, முன்பக்கம் ஓர் ஓட்டை விட்டிருந்தது.

"பூச்சி எப்படிப்பா பீரோவாச்சு?"

"ஹிஸ்டெரிசிஸ் சேத்திருக்கேங்க."

"அதத்தான் நானும் சொல்லணும்னு இருந்தேன்."

அன்று கருவி அபாரமாக வேலை செய்தது. படம் அறுந்தது, உடனே விளக்கு எரிந்தது. ஒட்டினார்கள், அணைந்தது. நடு ராத்திரிக் காட்சிக்கும் கூந்தலுக்கும் கொஞ்சமும் மசியவில்லை.

தாசில்தார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "ஃபிலிம் அறுந்ததுக்கும் ராத்திரி சீனுக்கும் இதுக்கு எப்படிங்க வித்தியாசம் தெரியுது?"

"அறிவு இருக்குதுங்க சார். மனுசங்களாட்டம் அசந்து போவாது" என்ற முதலாளி, மரியசூசையை அருகில் இழுத்து நிறுத்திக்கொண்டார்.

திரையில் கதாநாயகி பெற்ற குழந்தையைக் கோயில் வாசலில் கிடத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். 'இடைவேளை' என்று எழுத்து வந்தது. திரை இருண்டது.

விளக்கு எரியவில்லை.

தாசில்தார் இருமினார். முதலாளி டார்ச்சை அடித்துக்கொண்டு போய்ப் பெட்டியை ஓங்கித் தட்டினார். மரியசூசை பின்னாலேயே ஓடி, "தட்டாதீங்க பாய், உள்ள நுணுக்கமான சமாச்சாரம்" என்று கெஞ்சினான்.

பெட்டிக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு அவன் மனைவி ராஜமேரியின் குரல் கேட்டது.

"இருங்க, தட்டாதீங்க. பெத்த கொழந்தைய வுட்டுட்டுப் போறாளே பாவி... கண்ணத் தொடச்சிட்டு லைட்டப் போடறேன்."