கொளுத்தாத சுருட்டுக்கு ஒன்றரை நட்சத்திரம்

ஒரு காட்டில் வேலாயி என்கிற முள்ளம்பன்றிக்கு ஓர் அநியாயம் நடந்தது. அவள் சுருட்டிய கறுப்புச் சுருட்டை ஒரு தடவைகூடப் பற்றவைத்துப் பார்க்காதவர்கள் எல்லாரும் சேர்ந்து, அதற்கு ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தார்கள். காரணம் என்று எழுதியது: "புகை போதவில்லை."

கொளுத்தவே இல்லை. ஆனால் புகை போதவில்லையாம். இதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போவதற்கே கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது. சரி, போவோம்.

வேலாயியின் சுருட்டு மலிவுதான். இலை அவள் வளைக்குப் பின்னாலேயே விளைந்தது. வைத்துக் கொடுக்க மரப்பெட்டி கிடையாது, இடுப்பில் தங்கக் காகிதம் கிடையாது. ஐந்தைந்தாக வாழைநாரில் கட்டியிருக்கும், அவ்வளவுதான். நிறம் மட்டும் நல்ல கறுப்பு. அது சாயம் இல்லை. இலையில் கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, குவித்து மூடி, வாராவாரம் புரட்டிப் போட்டு, எட்டு மாதம் பாடம் செய்தால் தானாக வருகிற கறுப்பு. சுருட்டி முடித்ததும் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி நுனியில் துளை போடுவாள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு முள். அவளுக்கு வலிக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. முன்னொரு காலத்தில் பெரிய காட்டுத்தீ வந்ததால், காட்டுக்குள் யாரும் எதையும் கொளுத்தக் கூடாது. நல்ல சட்டம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குள் காட்டின் பெரிய தலைகளுக்குச் சுருட்டு ஒரு கௌரவமாகிவிட்டிருந்தது. கௌரவத்தை விட்டுவிட முடியுமா? ஆகவே கொளுத்தாமலே வாயில் வைத்துக்கொள்ளப் பழகினார்கள். சாயங்காலமானால் குளக்கரையில் வரிசையாக உட்கார்ந்து, கண்ணைச் செருகிக்கொண்டு "ம்ம்ம்" என்பார்கள். இரண்டு தலைமுறை போனதும், சுருட்டு என்பது எரிகிற பொருள் என்ற விஷயமே மறந்துபோயிற்று.

நிஜமாகவே சுருட்டுக் குடித்தவர்கள் ஆற்று நடுவே பாறையில் வசித்த நீர்நாய்கள் மட்டும்தான். பாறை காட்டில் சேராது, சட்டமும் செல்லாது. அவர்கள் வேலாயியின் சுருட்டைத் தவிர வேறெதையும் தொட மாட்டார்கள். ஆனால் பாறையில் செல்போன் சிக்னல் கிடையாது. நட்சத்திரம் போடுவது செல்போனில்தான். ஆக, குடித்தவர்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இருந்தவர்கள் குடிக்கவில்லை.

அபிப்பிராயங்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. சுருட்டு விமர்சகர் திருஞானம் என்கிற கொக்கு எழுதினார்: "விலையைப் படித்தவுடனேயே தொண்டையில் காரல் தட்டிவிட்டது. ஒரு நட்சத்திரம்." அவர் வெளிதேசத்துச் சுருட்டு ஒன்றை மூன்று வருடமாக அலகில் வைத்திருப்பவர். அதனால் அவர் சொன்னதற்குக் கீழே பலரும் "அதே, அதே" என்று எழுதி ஆளுக்கொரு நட்சத்திரம் போட்டார்கள். கோமளா என்கிற குரங்கு எழுதினாள்: "சுருட்டு வந்த அன்று மழை. ஒரு நட்சத்திரம்." பொன்னுரங்கம் என்கிற கரடி மட்டும் ஐந்து கொடுத்தார். "நம்ம நிறம். நம்ம ஆளு. வேறென்ன வேணும்?" என்று எழுதினார். வேலாயிக்கு இதுதான் ரொம்ப எரிச்சல். திட்டினவன் குடிக்காமல் திட்டினான், சரி. பாராட்டினவராவது குடித்திருக்க வேண்டாமா?

காட்டுச் சந்தையில் விதி இது: இரண்டு நட்சத்திரத்துக்குக் கீழே போனால் மாதக் கடைசியில் கடையைக் காலி செய்ய வேண்டும். வேலாயியின் மருதமரத்தடிக்கு ஒரு கீரி அடிபோட்டுக்கொண்டிருந்தது, செல்போன் உறை விற்க. மரத்தடி போனால் பாடம் போட்ட இலையை வைக்க வேறு இடமில்லை. முதல் மழையிலேயே எட்டு மாத உழைப்பும் மக்கி எருவாகிவிடும்.

வேலாயி சந்தை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எழுத்தர் ஒரு முயல். ரொம்ப வேகமானவர். பத்து மணிக்குத் திறந்தால் பத்து ஐந்துக்கு மூடிவிடுவார். மூன்று நாள் வரிசையில் நின்றும் அவரைப் பிடிக்க முடியவில்லை. நாலாம் நாள் வேலாயி முதுகை முன்னால் நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். எல்லாரும் வழிவிட்டார்கள்.

"மறுமதிப்பீட்டு விண்ணப்பம்," என்று முயல் ஒரு தாளைத் தள்ளியது. "காரணம் எழுதும்மா."

வேலாயி எழுதினாள்: கொளுத்தவில்லை.

"இது காரணம் இல்லம்மா. இது சம்பவம்."

"சம்பவம் நடக்கலைங்கிறதுதானே சார் என் காரணம்!"

முயல் காதைச் சொறிந்தது. "அப்ப என்ன பண்ணணுங்கிறே?"

"பாறைக்கு வரச் சொல்லுங்க. கொளுத்தட்டும், இழுக்கட்டும். அப்புறம் ஒன்னு போடட்டும், அரை போடட்டும், நான் வாயே திறக்க மாட்டேன்."

குழு அமைக்கப்பட்டது. தலைவர் திருஞானம், உறுப்பினர்கள் பொன்னுரங்கமும் கோமளாவும். திருஞானம் பாறைக்குப் பறந்து போனார். பொன்னுரங்கம் நீந்திப் போனார். கோமளா பொன்னுரங்கத்தின் தலைமேல் உட்கார்ந்து போனாள். வேலாயி இரண்டு கட்டுச் சுருட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நீந்திப் போனாள். முயலை இருளாண்டி என்கிற நீர்நாய் முதுகில் சுமந்து போனான். குறிப்பேடு நனையாமல் முயலின் இரண்டு காதுக்கும் நடுவே இருந்தது.

இருளாண்டி வேலாயியின் காதோரம் கேட்டான்: "யக்கா, ஒன்றரை குடுத்தது இவங்கதானா? எந்தப் பக்கம் கொளுத்தணும்னாவது தெரியுமா?"

"வாயை மூடிட்டு நெருப்பை எடுடா."

"முதலில் தரமான சரக்கைப் பார்த்துவிடுவோம்," என்றார் திருஞானம். "ஒப்பிட ஏதாவது வேண்டாமா?" அலகிலிருந்த வெளிதேசத்துச் சுருட்டை நீட்டினார். இருளாண்டி ஏழு குச்சி கொளுத்தினான். மூன்று வருடம் எச்சிலில் ஊறிய சுருட்டு, ஒரு பொறிகூடப் பிடிக்கவில்லை.

"பார்த்தீர்களா!" என்றார் திருஞானம். "எவ்வளவு நிதானம்! அவசரமே இல்லை!" கோமளா கைதட்டினாள்.

அடுத்தது வேலாயியின் கறுப்புச் சுருட்டு. முதல் குச்சியிலேயே பற்றிக்கொண்டது.

பொன்னுரங்கம் தேனடையை உறிஞ்சுகிற மாதிரி ஒரே இழுப்பாக இழுத்தார். புகை மூக்கில் ஏறி, கண்ணில் ஏற, ஆற்றில் குதித்தார். தண்ணீரிலிருந்து தலையை நீட்டிக் கத்தினார்: "ஏ புள்ள, நெருப்பை வச்சிருக்கே அதுல!"

"சுருட்டுன்னா அப்படித்தான்ணே."

"உன்னை நம்பி அஞ்சு குடுத்தேனே!"

"நான் கேட்டனாண்ணே?"

கோமளா வாயில் வைத்தாள், வானத்தை அண்ணாந்து பார்த்தாள். "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி. ஒன்னுக்கு மேல போட மனசு வரலை," என்றாள்.

திருஞானம் வாங்கினார். ஒரு இழுப்பு, இருமல். இரண்டாவது இழுப்பு, பாதி இருமல். மூன்றாவது இழுப்புக்கு இருமலே வரவில்லை. பிறந்ததிலிருந்து ஒற்றைக் காலில் நின்றவர், மற்ற காலையும் மெதுவாகப் பாறையில் ஊன்றினார். சாம்பல் இரண்டு விரல் நீளத்துக்கு உதிராமல் நின்றது. நீர்நாய்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். வேலாயியின் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"ஐயா, எப்படி இருக்கு?"

"பேசாதே."

சுருட்டு தீர்ந்தது. வேலாயி மறுபடி கேட்டாள்: "இப்ப சொல்லுங்க ஐயா."

"ஒன்றை வைத்து எப்படிம்மா சொல்வது? அது தற்செயலாக நன்றாக அமைந்திருக்கலாம். இன்னொன்று கொடு."

இன்னொன்று கொடுத்தாள். அது தற்செயலாக நன்றாக அமைந்ததா என்று சரிபார்க்க மூன்றாவது. முயல் தானும் குறிப்பெடுக்க வேண்டும் என்று சொல்லிப் பாதி வாங்கிக்கொண்டது. இருட்டுவதற்குள் கொண்டுபோன இரண்டு கட்டும் காலி.

"ஒரே ஒரு வார்த்தைங்க ஐயா," என்றாள் வேலாயி. "நல்லா இருக்கா, இல்லையா?"

"அதை அப்படிச் சட்டென்று சொல்லிவிட முடியாது."

"வாயிலயே வைக்காம போன மாசம் சட்டுனு சொன்னீங்களே?"

"அது அபிப்பிராயம் அம்மா," என்றார் திருஞானம், அலகில் கடைசித் துண்டு புகைய. "இது அனுபவம். அபிப்பிராயம் உடனே சொல்லலாம். அனுபவத்துக்கு நாளாகும். எழுத்தில் வரும், போ."

மாதக் கடைசி நாளும் வந்தது. கீரி செல்போன் உறைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கி மருதமரத்துக்கு எதிரே காத்திருந்தது. வேலாயி இலைக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "யாராவது கிட்ட வந்து பாருங்க!" என்றாள். யாரும் வரவில்லை. அப்போதுதான் முயல் ஓடிவந்து பதிலைக் கொடுத்தது. வேலாயி அதை உரக்கப் படித்தாள்:

"தங்கள் மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தின் பேரில், மேற்படி சுருட்டு விதிப்படி பாறையில் கொளுத்தி ஆய்வு செய்யப்பட்டது. ஆய்வின்போது மாதிரி முழுவதும் தீர்ந்துவிட்டபடியால், மதிப்பிடுவதற்குக் குழுவின் வசம் எதுவும் மிஞ்சவில்லை. எனவே பழைய மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. மாற்றம் தேவையா என்பது பரிசீலனையில் உள்ளது. பரிசீலனை முடியும்வரை தாங்கள் எக்காரணம் கொண்டும் மருதமரத்தடியைக் காலி செய்யக் கூடாது. அடுத்த ஆய்வு வரும் செவ்வாய்க்கிழமை. அதற்கடுத்தது வியாழன். இரண்டு கட்டு கொண்டுவரவும். குழுத் தலைவர் நான்கு என்கிறார்."

நீதி: பொருள் மட்டமாக இருந்தால் தீர்ப்பு அன்றைக்கே வந்துவிடும். தீர்ப்பு வரவே இல்லையென்றால், பொருள் அருமை என்று புரிந்துகொண்டு அடுத்த கட்டை அனுப்பி வைக்கவும்.