நோரீனின் மூன்றாவது கை

பர்னி, டாஸ்மானியா
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை க்ளெனிஸுக்கு,

அண்ணன் டெஸ்மண்ட் எழுதுவது. நாங்கள் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், சுகமில்லை என்று எழுதினால் உடனே போன் போடுவாய். ஆகையால் அந்த வரியையே விட்டுவிடுகிறேன். டூவும்பாவில் நீயும் பிள்ளைகளும் உன் முழங்காலும் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்பது என் மனப்பூர்வமான விருப்பம். இதையெல்லாம் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதக் காரணம், உன் அண்ணி நோரீனுக்குக் கைகால் போனாலும் காது மட்டும் இரட்டிப்பாக வேலை செய்கிறது. கொல்லைக் கொட்டகையில் நான் முணுமுணுத்தால் முன்னறையிலிருந்து பதில் வருகிறது.

அவளுடைய வியாதி உனக்குத் தெரிந்ததுதான். வீட்டில் ஒவ்வோர் அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருவதுபோல ஒவ்வொரு தசையாக நிறுத்திக்கொண்டு வருகிறது. கை முழுதும் போனபோது அவள் அழவில்லை. அவளுடைய கவலையெல்லாம் வியாழக்கிழமைச் சீட்டாட்டம்தான். பக்கத்து வீட்டு ட்ரெவரும் அவன் மனைவி பெரிலும் ஒரு கட்சி, நானும் நோரீனும் ஒரு கட்சி. ஐந்நூறு புள்ளி எட்டும்வரை ஏலம் கேட்டு ஆடுவது. நான் அவளுக்குக் கூட்டாளி, அவள் சீட்டை நான் பார்க்கக் கூடாது. ட்ரெவரும் பெரிலும் எதிராளிகள், அவர்களும் பார்க்கக் கூடாது. அப்படியானால் அவள் சீட்டை யார் எடுத்துப் போடுவது? கொஞ்ச நாள் நானே கண்ணைப் பாதி மூடிக்கொண்டு போட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“சாப்பாடு நீ ஊட்டு, குளிப்பாட்டு, எல்லாத்துக்கும் சரி. சீட்டை மட்டும் நானேதான் போடணும். உனக்கு மூஞ்சியா அது, டெஸ்? துருப்பைப் பாத்தா காது ரெண்டும் செவந்துபோவுது. ட்ரெவர் என் சீட்டைப் பாக்கிறதே இல்ல, உன் காதைத்தான் பாக்கிறான்.”

அப்போதுதான் பக்கத்து நாட்டில், டனீடினில் இருக்கும் ஹாமிஷ் என்கிற பையன் மேசைமேல் வைக்கிற இயந்திரக் கை ஒன்றை வடிவமைத்து, படங்கள், சர்க்யூட் போர்டு, மென்பொருள் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டிருப்பதைப் பார்த்தேன். காசு கிடையாது. ஒரே வழக்கம், நீ எதையாவது சரிசெய்தால் அதையும் எல்லோருக்கும் திறந்து வைக்கவேண்டும். காகித ஆலையில் யானை தடிமன் உருளைகளைக் கழற்றி மாட்டியவன், முழ நீளக் கைக்கா பயப்படுவேன் என்று இறங்கினேன். விட்டதடி ஆசை என்று அன்றைக்கே எழுந்திருக்கவேண்டும். நூலகத்து முப்பரிமாண அச்சு எந்திரத்தில் வார்த்த பிளாஸ்டிக் முழங்கை வெயிலில் காரில் கிடந்து வாழைப்பழமாக வளைந்தது, மறுபடி வார்த்தேன். போர்டில் அரிசி மணியைவிடச் சிறிய சாமான்களைச் சால்டர் வைக்கும்போது தும்மினேன், ஒரு சாமான் இன்றுவரை அகப்படவில்லை. தோள் மோட்டாரின் வயரை இடம் மாற்றி மாட்டியதில் கை சீட்டை மேசையில் போடாமல் நேராக ட்ரெவரின் மூக்குக்கு முன்னால் நீட்டிக் காட்டியது, அவன் மரியாதையாக “நன்றிம்மா” என்றான். பிடி இறுகியதில் ஆட்டின் ராணிச் சீட்டுக்கு இடுப்பு ஒடிந்து, முதுகைப் பார்த்தே அவளை எல்லோரும் அடையாளம் கண்டுகொண்டார்கள். பெரில் சுட்டுக்கொண்டு வந்த லாமிங்டன் கேக்கைச் சீட்டென்று நினைத்து எடுத்து வெட்டு வெட்டியது. ஆனால் கடைசியில், க்ளெனிஸ், தாடையால் தள்ள ஒரு குச்சி, கன்னத்தால் அமுக்க ஒரு பொத்தான், இரண்டையும் வைத்துக்கொண்டு நோரீன் தன் சீட்டைத் தானே போட்டாள். நான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். “அழாம உன் சீட்டைப் போடு கிழவா” என்றாள்.

ஆனால் கோளாறு ஒன்று வந்து சேர்ந்தது. மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தால் மின்சாரம் குறைந்து போர்டு ஒரு கணம் மயங்கிவிடும். விழித்ததும் தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது, ஓய்விடத்துக்கு ஓடிவிடும். ஓடுகிற வழியில் மேசையில் உள்ள சீட்டு, தேநீர், பெரிலின் கண்ணாடி எல்லாவற்றையும் வாரித் தரையில் கொட்டும். சீட்டுக் கலைந்தால் ஆட்டம் செல்லாது, மறுபடி பங்கு போடவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வாரத்துக்கு வாரம் இதே கூத்து. நான் வெட்கத்தில் குன்றிப்போவேன். நோரீன்தான் பெருந்தன்மையாக, “போவுது விடு, நீ என்ன வேணும்னா செஞ்ச?” என்பாள். அதோடு ஏலத்தில் அவளுக்கு எங்கிருந்தோ ஒரு வீரம் வந்தது. கையில் ஒன்றுமே இல்லாமல் பத்துப் பிடியும் தனதே என்று கேட்பாள். உயிருக்கே பயம் விட்டவள் ஏலத்துக்கா பயப்படுவாள் என்று நான் உள்ளுக்குள் உருகினேன்.

பொறுக்கமாட்டாமல் ஹாமிஷுக்கு எழுதினேன். அவனுக்குப் பதில், இதே கையைச் செய்து பழகிய சலோட் என்கிற பெண் வேறொரு தீவு நாட்டின் சூவாவிலிருந்து எழுதினாள். மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும்படி மென்பொருளை மாற்றி அனுப்பினாள், தங்கமான பெண். ஏற்றினேன். கை பசுவாகிவிட்டது. எப்படி இழுத்தாலும் துள்ளுவதில்லை.

அதிலிருந்துதான் நோரீன் மனசொடிந்து விழுந்துவிட்டாள். அந்த வியாழக்கிழமை பத்துப் பிடி கேட்டு இரண்டு பிடித்தாள். அடுத்த வாரம் இன்னும் மோசம். ஆட்டம் முடிந்ததும், “எனக்கு இனிமே சீட்டு வேணாம். அந்தக் கையைக் கழட்டி வெச்சிரு” என்றாள். சூப் கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வருகிற நர்ஸ் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, “சில பேருக்கு இப்படித்தான் டெஸ். போதும்னு மனசு முடிவு பண்ணிரும். சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க” என்றாள். கை சரியாகிற நேரத்தில் ஆள் போகிறாள். நான் என்ன பாவம் செய்தேன் என்று தெரியவில்லை. நான் அவளோடு எவ்வளவு நல்லவனாக இருக்கிறேன் தெரியுமா, வியாதி வந்த நாளிலிருந்து ஒரு சுடுசொல் கிடையாது.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. தாமதித்தால் முகத்தைப் பார்க்க முடியாமல் போகலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, க்ளெனிஸ். பிள்ளைகள் மேல் கடவுளின் நிழல் எப்போதும் இருக்கட்டும்; உன் வீட்டுக்காரனுக்கு என் வணக்கம், அவனிடம் என் ஏணி இருப்பதையும் ஞாபகப்படுத்து.

உன் அண்ணன்,
டெஸ்மண்ட்

பின்குறிப்பு, திங்கட்கிழமை: புறப்படாதே. காலையில் இதைத் தபாலில் போடப் போனபோது ட்ரெவர் குப்பைத்தொட்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவன் தொட்டியை நிறுத்திவிட்டு என்னை ஒருமாதிரி பார்த்தான்.

“டெஸ், நெஜமாவே உனக்குத் தெரியாதா?”

“என்ன தெரியாதா?”

“அவ ஜெயிக்கிற ஆட்டத்துல அந்தக் கை ஒரு தடவையாவது துள்ளியிருக்கா?”

யோசித்தேன். இல்லை.

“தோக்கப்போறான்னு தெரிஞ்சா குச்சியை ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே பொத்தானையும் அமுக்குவா. மோட்டார் எல்லாம் ஒண்ணா இழுத்து, கை மெரண்டு ஓடிரும். பெரிலுக்கு ரெண்டாவது வாரமே தெரியும்.”

“அடப்பாவி, ஏன்டா சொல்லல?”

“அவளால இனிமே வேற எதைத்தான்டா கவுக்க முடியும்? குனிஞ்சு பொறுக்கினோம், அவ்வளவுதான்.”

வீட்டுக்குள் போனேன். என்னை அறியாமல் கத்தினேன். “திருடி! மோசக்காரி! ராப்பகலா ஒக்காந்து செஞ்சு குடுத்தா அதை வெச்சுக்கிட்டு என்னையே ஏமாத்துவியா? மூணு நாட்டுக்காரன் மண்டையைப் பிச்சுக்கிட்டான்டி!” தெருவுக்கே கேட்டிருக்கும். நோரீன் சுவரிலிருந்து திரும்பினாள். ஒவ்வொரு சொல்லாக மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்: “வந்துட்டியா? எங்கய்யா போயிருந்த இத்தனை நாளா? பாதிரியாரோட குடும்பம் நடத்துற மாதிரி இருந்துச்சு. இன்னும் ரெண்டு திட்டு.” திட்டினேன். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, சளி உறிஞ்சும் மெஷினைப் போடவேண்டியதாயிற்று. மெஷினைப் பிடித்துக்கொண்டே திட்டினேன், அழுதுகொண்டும் திட்டினேன். அப்புறம் ஒரு கிண்ணம் சூப் முழுவதும் குடித்தாள்.

சலோட்டுக்கு எழுதி, திருத்தம் அற்புதமாக வேலை செய்கிறது, பழைய கோளாறையே திருப்பித் தா என்று கேட்டேன். காரணம் கேட்காமல் அனுப்பினாள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று தனியாகத் திறந்தும் வைத்திருக்கிறாள். ஏற்றிவிட்டேன். தாடைக்கும் அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அது அவளுக்கும் தெரியும். அதுவரைக்கும் அவள் கவிழ்க்கட்டும். நான் திட்டிக்கொண்டே பொறுக்குகிறேன்.