வெளிநாட்டில் பதினோராம் நாள்

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன நான்காம் நாள், அவள் தன் சொந்த வீட்டுப் பின்னறையில் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தும்மலை அடக்கிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் பக்கத்து வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு டம்ளர் சர்க்கரை கேட்டு வந்தவர். நாற்பது நிமிடமாகியும் எழுந்திருக்கிற வழியாக இல்லை.

"உம் பொண்ணு இப்ப என்ன பண்ணிட்டிருக்கும்?"

"டூட்டில இருப்பாக்கா. படுக்கக்கூட நேரமில்லையாம்," என்றாள் அம்மா.

கட்டிலுக்கு அடியிலிருந்து தும்மல் வெடித்தது.

"என்ன சத்தம்?"

"பூனைக்கா."

"பூனை எப்ப வாங்கின?"

"அதுவா வந்துச்சு. தூசின்னா அதுக்கு ஆகாது."

சொன்ன பொய்க்கு உருவம் வேண்டுமே. அம்மா அன்று மாலையே எங்கிருந்தோ ஒரு பூனையைப் பிடித்து வந்து பின்னறையில் விட்டாள். பூனை முடி பட்டதும் மகளுக்குத் தும்மல் இரண்டு மடங்காகிவிட்டது. பூனை ஒரு தடவைகூடத் தும்மவில்லை.

இத்தனைக்கும் தப்பு அவளுடையது இல்லை. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பிரசவம் பார்க்க நான்கு வருடம் படித்து, கடல் தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் வேலையும் வாங்கிவிட்டாள். "ஏர்போர்ட் கிளம்புங்க, நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள விசா மெயில்ல வந்துடும்" என்றார் ஏஜென்ட். பஞ்சர் கடை வைத்திருந்த அப்பா இரண்டு வேன் பிடித்தார். முப்பத்தெட்டுப் பேர் வந்து அழுதார்கள். அதில் பத்துப் பேரை அவளுக்கு யாரென்றே தெரியாது.

கவுன்ட்டருக்குப் பத்தடி முன்னால் மெயில் வந்தது. விசா வரவில்லை. ஒரு காகிதம் இன்னும் சரிபார்க்கப்படவில்லை, மூன்று வாரம் ஆகும் என்று எழுதியிருந்தது.

உள்ளேயிருந்து அப்பாவுக்குப் போன் போட்டாள். "வெளிய வரேன்ப்பா. எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்."

"என்னத்தச் சொல்றது? முப்பத்தெட்டுப் பேர் அழுது முடிச்சிட்டாங்க. அந்த அழுகைய யார் திருப்பிக் குடுக்கறது?"

சொல்லிவிட்டு அவர் வானத்தைக் காட்டினார். "அதோ எம் பொண்ணு." எல்லோரும் கையாட்டினார்கள். மேலே போனது சரக்கு விமானம்.

வேன்கள் கிளம்பியதும் அப்பா ஸ்கூட்டரில் திரும்பி வந்து, கொளுத்தும் வெயிலில் அவளுக்கு மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் மாட்டி வீட்டுக்குள் கடத்தினார். பெட்டி கடையில் பழைய டயர்களுக்கு அடியில் போயிற்று.

"மூணே வாரம்," என்றாள் அம்மா. "பக்கத்து வீட்டுத் தம்பியப் பாரு. போய் ஒம்பது மாசம் ஆச்சு. எவ்வளவு பதவிசா இருக்கு. ஞாயித்துக்கிழமை தவறாம வீடியோல வந்து தெருவுக்கே வணக்கம் சொல்லுது."

அந்தத் தம்பி எப்போதும் ஒரு நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவான். அவனை வழியனுப்பப் போனது ஒரு வேன். அப்பா இரண்டு பிடித்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஒளிந்திருப்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அப்பா கடையில் டயரைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே, "நேத்து ஆறு பிரசவம் பாத்திருக்கா," என்று ஆரம்பித்தார். மறுநாள் ஒன்பது. வாரக் கடைசியில் பதினேழு.

"அப்பா, அந்த ஊர்ல அத்தனை பொம்பளைங்களே இருக்க மாட்டாங்க."

"நீ என்னமோ போய்ப் பாத்த மாதிரி பேசற."

பதினேழு பிரசவம் பார்த்தவளைத் தெரு சும்மா விடுமா? வீடியோவில் வரச் சொல்லிக் கேட்டது. நீலத் திரையை நினைத்துக்கொண்டு அம்மா பின்னறைச் சுவரில் வெள்ளைப் போர்வையை ஆணியடித்தாள். அங்கே குளிர் என்பதால் மகளுக்கு ஸ்வெட்டர். அங்கே அப்போது ராத்திரி என்பதால் ஜன்னல்கள் அடைப்பு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவள் அந்த அறையில் வேர்த்து ஊற்றிக்கொண்டு, "இங்க பயங்கரக் குளிர்," என்றாள். முட்டி வலி, முடி உதிர்தல் எல்லாம் கேட்டார்கள். ஒருவர் பின் டயரில் காற்று நிற்க மாட்டேன் என்கிறதே என்று கேட்டார்.

ஒன்பதாம் நாள், அம்மா போனை எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்கே போய்விட்டாள். தெருவின் பெரிய கவலை அந்த வீட்டு மருமகள், நீலத் திரைத் தம்பியின் மனைவிதான். கணவன் வெளிநாடு கிளம்பும்போதே அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்ததாக மாமியாரான பக்கத்து வீட்டம்மா சொல்லியிருந்தார். தெரு விரல் விட்டு எண்ணிப் பார்த்ததில் பத்து மாதம் முடிந்து நான்காவது வாரமும் ஓடிக்கொண்டிருந்தது. வலி வரவில்லை.

திரையில் மருமகளின் முகம் வந்தது. "எத்தனை வாரம்க்கா?" என்று பின்னறையிலிருந்து கேட்டாள் அவள்.

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் எட்டிப் பார்த்து, "அதெல்லாம் ஆயிடுச்சும்மா, நிறைய வாரம்," என்றார்.

"ஸ்கேன் ஃபைல் காட்டுங்க அத்தை."

"பீரோவுல இருக்கு."

"எடுங்க."

"சாவி அவன்கிட்ட இருக்கு."

"வெளிநாட்டுக்கா எடுத்துட்டுப் போயிட்டாரு?"

"அவன் எப்பவும் பொறுப்பான புள்ள."

அந்த நேரம் பார்த்துக் குப்பை வண்டி தெருவுக்குள் வந்தது. அதன் பாட்டு இரண்டு வீட்டுக்குள்ளும் ஒரே சமயத்தில் நுழைந்து, போனிலும் இரண்டு தடவை கேட்டது. அவளுக்கு ஸ்வெட்டருக்குள் முதல்முறையாக உண்மையிலேயே குளிர்ந்தது.

"அங்கயும் நம்ம குப்பை வண்டிதானா?" என்றாள் மருமகள்.

"எல்லா ஊர்லயும் அதே வண்டிதான்," என்று மாமியாரே முந்திக்கொண்டு சொல்லி, போனை அணைத்துவிட்டார்.

அவள் போர்வையைப் பிடுங்கி எறிந்தாள். அம்மா வாசலுக்குள் நுழைவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"நாப்பத்திநாலு வாரம்மா. இனிமே ஒரு நாள் போனாலும் குழந்தை உள்ளயே செத்துப் போகும். அந்த மாமியார் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போகாது, ஃபைலையும் காட்டாது. நான் போய்ப் பாக்கறேன்."

"நீ போனா உங்கப்பா கடைய மூடிட்டு ஊர விட்டே போகணும்."

"நாலு வருஷம் என்னத்துக்குப் படிச்சேன்? பூனை வளக்கவா?"

"போன்ல சொல்லுடி. அதுக்குத்தான சொல்லிக் குடுத்தாங்க."

போனில் சொன்னாள். மிரட்டினாள். அசையாமல் கிடக்கிற குழந்தையைப் பற்றிப் பயங்கரமாக ஒரு செய்தி எழுதி அனுப்பினாள். மாமியார் கைகூப்பும் பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

பதினோராம் நாள் காலை. அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மருமகள், "ஐயோ அம்மா," என்று அலறினாள்.

அவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. அப்பாவின் மானம், இரண்டு வேன், முப்பத்தெட்டுப் பேர், எல்லாம் எக்கேடோ கெட்டுப் போகட்டும். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நைட்டியைத் தூக்கிச் செருகி, பின்பக்க மதில்மேல் ஏறினாள்.

அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கடல் தாண்டி இருக்க வேண்டியவள் மதில்மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "கண்ணாடித் துண்டு பதிச்சிருக்கு, பாத்து எறங்கு," என்றார்.

இருந்த கோபத்தில் அவளுக்கு அது உறைக்கவில்லை. நைட்டி கிழிய உள்ளே குதித்தாள்.

மருமகள் கட்டிலில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வலி இல்லைங்க, நரம்பு சுருட்டிக்கிச்சு."

"படுங்க. பேசாதீங்க."

நாடாவை எடுத்தாள். வயிற்றின் மேல்முனையிலிருந்து கீழ்வரை வைத்துப் பார்த்தாள். ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர். முதல் வருடத்திலேயே மண்டையில் ஏறிய கணக்கு. நாற்பதை ஒட்டி வர வேண்டும்.

முப்பத்தொன்று.

நாடாவைத் திருப்பி வைத்து அளந்தாள். முப்பத்தொன்று. கையால் தடவிப் பார்த்தாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. குழலை வைத்துக் கேட்டாள். துடிப்பு குதிரை மாதிரி ஓடியது. அழுத்திய இடத்தில் உள்ளேயிருந்து ஒரு உதை விட்டது. வளராத குழந்தை இல்லை இது. வளர்ந்தது சரி, வயதுதான் வேறு. ஏழு மாதம்தான் முடிந்திருக்கிறது.

கணவன் போய் ஒன்பது மாதம்.

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். மாமியார் கட்டிலின் தலைமாட்டில் வந்து நின்றார்.

"என்னம்மா, எத்தனை வருது?"

பொய் சொல்லத் தெரியாது என்பது அவளைப் பற்றிக் கல்லூரியில் இருந்த ஒரே புகார். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி முதல்வரின் முகத்துக்கு நேரே சொன்னவள். இப்போது ஒரு நம்பரைச் சொன்னால் இந்தப் பெண் இன்றைக்கே தெருவில் நிற்பாள். நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

"நாப்பத்திநாலு."

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன். சில குழந்தைங்க மெதுவாத்தான் வரும் அத்தை. பன்னண்டு மாசம் எடுத்துக்கும். எங்க புஸ்தகத்துலயே போட்டிருக்கு."

எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. நாலு வருடப் படிப்பு நாலே வார்த்தையில் குப்பை வண்டியில் ஏறிப் போனது.

"இன்னும் ரெண்டு மாசத்துக்கு வலி வரலேன்னு யாரும் இவங்கள ஒரு வார்த்தை கேக்கக் கூடாது," என்று தொடர்ந்தாள். "கேட்டா என்கிட்ட வரச் சொல்லுங்க. நான் பதினேழு பிரசவம் பாத்தவ."

மருமகள் கண்ணைத் திறந்து, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தால், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியாரும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

எதிரே சாமான் அறை வாசலில் தொங்கிய நீலத் திரை விலகியது. கைலியும் ஒன்பது மாதத் தாடியுமாக, கையில் டீ டம்ளரோடு ஒருவன் தலையை நீட்டினான்.

"நாப்பத்திநாலு இல்ல சிஸ்டர், முப்பத்தொண்ணுதான் சரி. எனக்கும் இன்னும் விசா வரல."